பேச்சோசையின் இலக்கணம்: எம்.ஏ. நுஃமானின் கவிதை, பதிப்பு, கற்பித்தல்

1. கேள்வி

காஞ்சிபுரத்தைப் பட்டுக்கும் கோயிலுக்கும் உரிய ஊராகவே இன்று அறிகிறோம். பல்லவர் காலத்தில் அது கற்பிப்போரின் ஊராகவும் இருந்தது. அவ்வூரோடு தொடர்புடைய தண்டி, கி.பி. 700ஐ ஒட்டி வாழ்ந்தவர். கதை படைத்தவரும் அவரே, 'காவியாதர்சம்' என்ற அணியிலக்கண நூலை எழுதியவரும் அவரே. அந்நூலின் வழி தமிழில் 'தண்டியலங்காரம்' பிறந்தது, சிங்களத்தில் 'சியபஸ்லகர' பிறந்தது. ஒரே நூல் இரு மொழிகளுக்கும் இலக்கணம் தந்தது என்பதைத் தமிழ், சிங்கள உறவைப் பகையாக மட்டுமே அறிந்திருக்கும் நம் தலைமுறை அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

தண்டியைப் போலப் படைப்பவரே இலக்கணமும் சொல்வது, பிறர் படைப்பைத் தொகுப்பது, வகுப்பறையில் கற்பிப்பது ஆகிய மூன்றும் ஒருவரிடம் கூடுவது நவீனத் தமிழில் அரிதாகிவிட்டது. கவிஞர்கள் இலக்கணத்தை எதிரியாகப் பார்த்தார்கள்; தமிழாசிரியர்கள் புதிய கவிதையை ஐயத்தோடு பார்த்தார்கள். சிற்றிதழ் ஆசிரியர்களுக்கு இரு சாராரிடமும் மனத்தாங்கல் இருந்தது. இம்மூன்று வேலைகளையும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒருசேரச் செய்தவர்களில் முதன்மையானவர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான். கவிதை, பதிப்பு, கற்பித்தல் என்பவை அவரிடம் தனித்தனித் தொழில்களா, அல்லது ஒரே சிந்தனையின் மூன்று செயல்களா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

2. இதுவரையிலான புரிதல்

நுஃமானைப் பற்றி மூன்று சித்திரங்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு அவர் 'புத்தரின் படுகொலை' என்ற ஒற்றைக் கவிதையின் ஆசிரியர். திறனாய்வு மாணவர்களுக்கு அவர் க. கைலாசபதிக்கும் கா. சிவத்தம்பிக்கும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த மார்க்சியத் திறனாய்வாளர். 1987இல் வெளிவந்த 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' நூலை முன்வைத்தே அவர்கள் அவரைப் பேசுவர். ஆசிரியர்களுக்கும் மொழியியலாளர்களுக்கும் அவர் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' எழுதிய பேராசிரியர்.

இந்தச் சித்திரங்கள் ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் ஒன்றைப் பேசுவோர் மற்ற இரண்டைத் தொடுவதில்லை. கவிதையைப் பேசுவோர் அதன் அரசியலோடு நின்றுவிடுகிறார்கள். அரசியல் ஏன் அந்த மொழியில், அந்த ஓசையில் வந்தது என்று கேட்பதில்லை. இலக்கண நூலைப் பாராட்டுவோர், யாப்பில் தேர்ந்த ஒரு கவிஞரின் செவி அதற்குள் வேலை செய்வதைக் காண்பதில்லை. பதிப்புப் பணியோ 'சேவை' என்ற ஒரு சொல்லோடு கடந்து செல்லப்படுகிறது. என் பார்வையில் பதிப்புப் பணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற இரண்டையும் இணைக்கும் கருத்து அங்கேதான் உருவானது.

3. கல்முனை: ஒரு பதிப்பாளர் உருவாகிறார்

1960களின் கல்முனை, கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விலகிய ஒரு கரையோர ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும், ஒருபுறம் கடலும் மறுபுறம் நெல்வயல்களும் கொண்ட நிலம். அருகிலிருந்த பெரியநீலாவணையில் கவிஞர் நீலாவணன் வாழ்ந்தார். பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம் இருந்தார். பள்ளி ஆசிரியராகப் பணி தொடங்கிய இளம் நுஃமானுக்குக் கவிதை, இந்த அண்டை ஊர்க்காரர்களோடு பேசித் தெளிந்த ஒன்று.

1969-70 காலத்தில் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்ற கவிதைக் காலாண்டிதழை நுஃமான் கொண்டுவந்தார். வந்தவை சில இதழ்களே. அதையொட்டி இயங்கிய 'வாசகர் சங்கம்' என்ற சிறு வெளியீட்டகத்தின் தெரிவுகள்தாம் நம் கேள்விக்கு முக்கியமானவை. அது வெளியிட்ட நூல்களில் 1970இல் வந்த மகாகவியின் 'கோடை' ஒன்று. மகாகவி என்ற பெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி (1927-1971) யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்தவர். 'கோடை' ஒரு பாநாடகம்.

பாநாடகத்தைத் தேர்ந்ததில் ஒரு கவிதைக் கொள்கை இருக்கிறது. பாநாடகத்தில் செய்யுளை நடிகர் மேடையில் பேசியாக வேண்டும். ஓதினால் நாடகம் செத்துவிடும். யாப்பு இருக்க வேண்டும், ஆனால் கேட்பவருக்கு அது ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சாகக் கேட்க வேண்டும். மகாகவியின் பெரும் சாதனை இதுவே. மரபான பாவடிவங்களைச் சீர் சீராக அச்சிடாமல், பேசுபவரின் மூச்சு நிற்கும் இடங்களில் வரியை உடைத்தார். தளை தட்டாது, ஆனால் செய்யுள் என்ற உணர்வு பின்னால் போய்விடும். கவிஞர் முருகையனும் நீலாவணனும் இதையே தத்தம் வழியில் செய்தார்கள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் 'எழுத்து' இதழை ஒட்டி எழுந்த இயக்கம், யாப்பை விட்டால்தான் புதுமை என்று நம்பியது. நம் புதுக்கவிதை வரலாறுகள் இன்றும் அந்த நம்பிக்கையின் மேல்தான் எழுதப்படுகின்றன. ஈழத்து அனுபவம் வேறு. அங்கே நவீனக் கவிதை யாப்புக்குள்ளிருந்தே, யாப்பைப் பேசவைத்ததன் வழியே பிறந்தது. மரபுக்கவிதை, புதுக்கவிதை என்ற பிரிவினையை நுஃமான் தொடர்ந்து மறுத்து வந்ததற்கு இதுவே அடிப்படை. ஒரு கவிதை நவீனமானதா என்பதை அதன் நோக்கும் மொழியும் தீர்மானிக்கும், யாப்பு இருப்பதோ இல்லாததோ தீர்மானிக்காது என்பது அவர் நிலைப்பாடு. இந்த நிலைப்பாட்டை அவர் கட்டுரையாக வாதிடும் முன்பே, எதை அச்சிடுவது என்ற தெரிவின் மூலம் நிறுவத் தொடங்கிவிட்டார். மகாகவியின் மறைவுக்குப் பின்னும் அவருடைய படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பிப்பதைப் பல ஆண்டுகள் விடாமல் செய்தார். மகாகவி இன்று நமக்கு நூல் வடிவில் கிடைக்கிறார் என்றால் அதற்குப் பெருங்காரணம் இந்த விடாப்பிடி.

4. யாழ்ப்பாணம்: இரு கவிதைகள்

1970களின் பிற்பாதியிலிருந்து 1990 வரை நுஃமானின் வாழ்க்கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு பிணைந்தது. 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977), 'அழியா நிழல்கள்' (1982), 'மழை நாட்கள் வரும்' (1983) என்ற கவிதை நூல்கள் இக்காலத்தவை. இவற்றுள் மூன்றாவது நூலைச் சிவகங்கையிலிருந்து 'அன்னம்' வெளியிட்டது. அன்னத்தை நடத்திய மீராவும் கவிஞர், பதிப்பாளர், கல்லூரி ஆசிரியர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இவர்களைப் போன்றோர் இல்லாமல் ஈழத்து எழுத்து தமிழ்நாட்டுக்கு வந்திருக்காது.

யாப்பைப் பேச்சாகக் கேட்கவைக்கும் இந்தப் பேச்சோசை என்ற கொள்கை கவிதையில் என்ன செய்கிறது என்பதை அறிய இரு கவிதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது, 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை ஒட்டி எழுதப்பட்ட 'நேற்றைய மாலையும் இன்றைய காலையும்'. கவிதையின் முற்பாதியில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. யாழ்நகரத் தெருவில் நண்பர்கள் சைக்கிளில் போகிறார்கள், புத்தகக் கடை வாசலில் நிற்கிறார்கள், ஒரு மாலை எப்படிக் கழியுமோ அப்படிக் கழிகிறது. மறுநாள் காலை காக்கியும் துப்பாக்கியும் அந்த ஊரை மூடியிருக்கின்றன. உவமை, உருவகம் என்று சொல்லத்தக்கவை அதிகமில்லை. ஊருக்குத் திரும்பிய ஒருவர் வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லும் வரிசை, சொல்லும் தொனி. அந்தத் தொனி உயராததால்தான் முற்பாதியின் அற்பச் செயல்கள் பிற்பாதியில் பறிபோனவற்றின் பட்டியலாக மாறுகின்றன. வாசகர் திரும்பிப் போய் முதல் பாதியை மீண்டும் படிக்கும்போதுதான் கவிதை முழுமையடைகிறது.

இரண்டாவது, 'புத்தரின் படுகொலை'. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. கவிதை அந்த நெருப்பை நேராக வருணிப்பதில்லை. ஒரு கனவைச் சொல்கிறது. சுடப்பட்ட புத்தர் நூலகப் படியில் கிடக்கிறார். அதிகாரத்தில் இருப்போர் இருட்டில் வந்து, இவர் பெயர் பட்டியலில் இல்லையே என்று விசாரிக்கிறார்கள். சடலத்தை மறைக்க நூல்களையே சிதையாக்குகிறார்கள். புத்தரோடு பௌத்த நூல்களும் சாம்பலாகின்றன.

இக்கவிதையின் அரசியல் துணிவைப் பலர் எழுதிவிட்டார்கள். கொன்றவர்கள் எதன் பெயரால் கொன்றார்களோ அதையே கொன்றார்கள் என்ற வாதம் எவருக்கும் புரியும். ஆனால் வாதம் மட்டும் இருந்தால் அது ஒரு தலையங்கமாக நின்றிருக்கும். கவிதையின் மையத்தில் இருப்பது ஓர் உரையாடல். அமைச்சரும் காவலரும் அலுவலகக் கோப்பு ஒன்றைப் பேசுவது போலப் பேசிக்கொள்ளும் அந்தச் சில வரிகளில்தான் கொடூரம் இருக்கிறது. மேடையில் பேசத்தக்க பாவை மகாகவியிடம் கற்ற ஒருவரால்தான் இதை இவ்வளவு சுருக்கமாகச் செய்ய முடியும். கல்முனையில் 1970இல் பாநாடகம் அச்சிட்ட பதிப்பாளரும் 1981இல் இந்த உரையாடலை எழுதிய கவிஞரும் ஒருவரே என்பது தற்செயலாகத் தெரியவில்லை.

தமிழ் வாசகருக்கு இக்கவிதையில் இன்னொரு தளமும் உண்டு. புத்தர் தமிழுக்கு அயலவர் அல்லர். மணிமேகலை நோன்பிருந்து அறம் தேர்ந்த இடமாகக் காப்பியம் காட்டுவது காஞ்சியை. அந்த நினைவோடு படித்தால், நூலகப் படியில் கிடப்பவர் எதிர்த்தரப்பின் தெய்வமாகத் தோன்றமாட்டார். நம் நூல்களோடு சேர்ந்து எரிந்த நம்மவராகவே தோன்றுவார். ஒரு முஸ்லிம் கவிஞர், தமிழரின் நூலகத்துக்காக, சிங்களவர் வணங்கும் புத்தரின் மரணத்தை எழுதினார் என்பதை இலங்கையின் வரலாற்றில் வைத்துப் பார்க்கும்போது அதன் அறம் விளங்கும்.

அதே 1981இல்தான் அவருடைய முயற்சியில் 'பலஸ்தீனக் கவிதைகள்' முதற்பதிப்பும் வந்தது. பின்னர் அது விரிவாக்கப்பட்டது. ஈழத்து வாசகர் அக்கவிதைகளைத் தொலைவிலுள்ள ஒரு நாட்டின் குரலாகப் படிக்கவில்லை. பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் குரல் தமிழில் இயல்பாக ஒலித்ததற்கு, தமிழ் வாக்கியம் பேச்சில் எங்கே தொடங்கி எங்கே நிற்கும் என்ற அறிவே காரணம். அரபுக் கவிதை ஆங்கிலத்தின் வழி தமிழுக்கு வரும்போது, மூலத்தின் ஓசை இரு முறை இழக்கப்படுகிறது. இழந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தன் மொழியின் ஓசையைத்தான் வைக்க முடியும்.

5. பதினொருவர்: தொகுப்பின் பலமும் குறையும்

1984இல் சென்னையில் 'க்ரியா' வெளியிட்ட 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்', நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்தது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஈழத்தைப் பற்றி அறிய விரும்பிய தமிழ்நாட்டு வாசகருக்கு அது ஒரு வாயிலாக அமைந்தது. மகாகவி, முருகையன், நீலாவணன் என்ற மூத்தோரிலிருந்து சண்முகம் சிவலிங்கம், வ.ஐ.ச. ஜெயபாலன், மகாகவியின் மகன் சேரன் வரை ஒரு தொடர்ச்சியை அது காட்டியது. சேரன் யாப்பை விட்டு வெளியேறிவிட்டவர். ஆனால் தந்தையின் பேச்சோசை அவரிடம் உடையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இரு தலைமுறைகளையும் ஒரே நூலில் வைத்தபோதுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது. தொகுப்பு என்பது திறனாய்வின் ஒரு வடிவம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் குறைவு.

இந்தத் தொகுப்பின் மீது இரு விமரிசனங்களை வைத்தாக வேண்டும். பதினொருவரில் ஒரு பெண்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1986இல், சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியில் யாழ்ப்பாணத்திலிருந்து 'சொல்லாத சேதிகள்' வந்தபோது, பெண் கவிஞர்களின் வலுவான வரிசை ஒன்று அப்போதே எழுதிக்கொண்டிருந்தது புலனாயிற்று. சித்திரலேகா, சி. மௌனகுரு, நுஃமான் மூவரும் சேர்ந்து 1979இல் 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' என்ற வரலாற்றை எழுதியவர்கள் என்பதால் இந்த விடுபடல் கூடுதலாகத் தெரிகிறது. பெண் கவிஞர்களில் பலர் அப்போதுதான் எழுதத் தொடங்கியிருந்தனர் என்று சொல்லலாம். இளையவர்களுக்கு இடம் தந்த தொகுப்பு அது என்பதால் அந்தச் சமாதானம் முழுமையாகப் போதவில்லை.

இரண்டாவது விமரிசனம் கொள்கை சார்ந்தது. பேச்சோசையை அளவுகோலாகக் கொண்டால், பேச்சிலிருந்து விலகிப் படிமத்தின் அடர்த்தியில் இயங்கும் கவிதைக்கு என்ன இடம்? திருகோணமலையில் பிறந்து 'எழுத்து' வழியே தமிழ்க் கவிதையை மாற்றிய பிரமிளின் உலகம், நுஃமான் கட்டிய மரபுவழிக்கு வெளியேதான் நிற்கிறது. ஒரு கொள்கை கூர்மையாக இருந்தால் அதற்கு இத்தகைய எல்லையும் இருக்கும். வாசகர் அந்த எல்லையை அறிந்து படிக்க வேண்டும்.

6. வகுப்பறை

நுஃமான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தமிழையும் சிங்களத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். இரு மொழிப் பிள்ளைகளும் ஒருவர் மொழியை மற்றவர் கற்பதற்கு இவ்வகை ஆய்வு எவ்வளவு தேவை என்பதை இலங்கையின் கடந்த எழுபது ஆண்டுகள் சொல்லும்.

1999இல் வெளிவந்த 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்', இன்றைய எழுத்துத் தமிழை அது இருக்கும் நிலையிலேயே விளக்குகிறது. நம் பள்ளி இலக்கணங்கள் பெரும்பாலும் நன்னூலின் சூத்திரங்களை உரைநடையில் திருப்பிச் சொல்பவை. மாணவர் எழுதும் வாக்கியத்துக்கும் அவர் மனப்பாடம் செய்யும் விதிக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. எழுத்து, சொல், தொடர் என்று பழைய ஒழுங்கை மதித்தபடியே, எடுத்துக்காட்டுகளை இன்றைய மொழியிலிருந்து தருவதுதான் நுஃமானின் வழி. தொடரியலுக்கு அவர் தரும் இடம் தனிக் கவனத்துக்குரியது. சொல்லை ஆராய்வதில் நம் மரபு பெருமைக்குரியது. வாக்கியத்தை ஆராய்வதில் பின்தங்கியது. வரி எங்கே உடைய வேண்டும் என்று கவிதையில் பயின்ற ஒருவருக்கு வாக்கியத்தின் உறுப்புகள் எங்கே பிரியும் என்பது ஏட்டறிவாக மட்டும் இருக்க முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சோசை வேறு, பேச்சுமொழி வேறு. நுஃமான் கல்முனைக்குடியின் வட்டார வழக்கில் கவிதை எழுதியவர் அல்லர். அவர் இலக்கணம் விளக்குவதும் பேச்சு வழக்கை அன்று. எழுதப்படும் பொதுத்தமிழ் வாழும் மனிதரின் வாயில் நிற்குமா என்பதுதான் கவிதையிலும் இலக்கணத்திலும் அவர் வைக்கும் சோதனை. வட்டார வழக்கின் உயிர்ப்பை இந்தச் சோதனை முழுமையாகப் பிடிக்காது. ஆனால் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மதுரையும் சேர்ந்து படிக்கும் ஒரு மொழி இதனால் சாத்தியமாகிறது.

7. 1990க்குப் பின்

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். யாழ்ப்பாண நூலகத்துக்காக எழுதிய கவிஞரின் சமூகத்துக்கு அந்நகரில் இடமில்லாமற்போனது. அதன் பின் நுஃமான் பணியாற்றியது பேராதனைப் பல்கலைக்கழகத்தில்.

1983க்குப் பிந்திய அவருடைய உழைப்பில் கவிதையின் பங்கு குறைந்தது, திறனாய்வு, மொழிபெயர்ப்பு, இலக்கணம், இன அடையாள ஆய்வு ஆகியவற்றின் பங்கு கூடியது. ஆசிரியர் கவிஞரை விழுங்கிவிட்டார் என்று இதைப் படிப்போர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 'மழை நாட்கள் வரும்' போன்ற ஒரு நூலைத் தந்தவரிடம் இன்னும் கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. ஆனால் காலத்தையும் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் இலங்கையில் தம்மைத் தனி இனமாக ஏன் உணர்கிறார்கள் என்பது தமிழ்நாட்டுக்குப் புரியாத செய்தி. இங்கே மொழியால் அவர்கள் தமிழர். அங்கே அரசியல் வரலாறு வேறாக நடந்தது. இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் பற்றி 2007இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் நுஃமான் இதை ஆராய்ந்தார். அந்தக் காலத்தில் அந்த விளக்கத்தைக் கவிதையால் தந்திருக்க முடியாது. உரத்த குரல்களுக்கு நடுவே நிதானமான ஓர் உரைநடை தேவைப்பட்டது. தேவைப்பட்ட இடத்துக்கு அவர் போனார்.

ஆகவே தொடக்கக் கேள்விக்கு என் விடை இது: மூன்றும் ஒன்றே, ஆனால் சம அளவில் அல்ல. பதிப்பு அடித்தளம், கவிதை அதன் உச்சம், கற்பித்தல் அதன் நீண்ட தொடர்ச்சி. நம் கல்லூரிகளில் 'புத்தரின் படுகொலை'யைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அதைத் தனியே நடத்தாதீர்கள். மகாகவியின் 'கோடை'யிலிருந்து ஒரு காட்சியை மாணவர்களை உரக்கப் பேசவிட்டுவிட்டு, 'சொல்லாத சேதிகள்' தொகுப்பிலிருந்து ஒரு கவிதையையும் அருகில் வைத்து, பிறகு நடத்துங்கள்.